60 எழுத்து என்று ஒரு விதி கிடையாது

"இணையக் கட்டுரையின் தலைப்பு 60 எழுத்தைத் தாண்டினால் கூகுள் அதைத் தேடல் முடிவில் பின்னுக்குத் தள்ளிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. தலைப்புக்கு நீள வரம்பு இல்லை என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. திரையின் அகலத்துக்குள் அடங்காத பகுதி தேடல் முடிவில் வெட்டுப்படலாம், அவ்வளவுதான்.

தமிழுக்கு இந்தக் கணக்கு சுத்தமாகப் பொருந்தாது. 'தலைப்பு' நமக்கு 4 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 7 குறியீடுகள். எழுத்தெண்ணும் கருவிகள் பல 7 என்றே காட்டும். அதை நம்பி, தெளிவான தலைப்பைச் சுருக்கிச் சுருக்கி அரைகுறையாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சரி, அப்போது நீளத்தைக் கவனிக்கவே வேண்டாமா? கவனிக்க வேண்டும், ஆனால் காரணம் வேறு. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. வெட்டுப்பட்டால் முதலில் காணாமல் போவது அதுதான். "காய்ச்சல் இருக்கும் குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுக்க..." என்று நின்றுவிட்டால், கொடுக்கலாமா கூடாதா? படிப்பவருக்குத் தெரியாது. "கொடுக்கக் கூடாத மருந்து: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கவனிக்க வேண்டியவை" என்று எழுதினால், பின்பாதி வெட்டுப்பட்டாலும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிடும்.