ஒரு குட்டிக் குறிக்கு இத்தனை அலப்பறையா?

ஆங்கிலத்தில் ‘டோன்ட்’ எழுதும்போது மேலே தொங்குமே ஒரு அபாஸ்ட்ரஃபி, அதைத்தான் சொல்கிறேன். எழுத்துக்கு எண் கொடுக்கும் பழைய பட்டியலான ஆஸ்கியில் 39ஆம் எண்ணாக, ஒரே பைட்டில், யார் வம்புக்கும் போகாமல் நிமிர்ந்து நின்றது. அதை வளைத்தே தீருவேன் என்று வேர்ட் ப்ராசசருக்கு என்ன வேண்டுதலோ? உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் வளைந்த குறிக்கு வேறு எண், 8217. அந்த எண்ணை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். சரி, இருக்கட்டும். அந்த மூன்றையும், பைட்டுக்கு ஒரு எழுத்து என்று படிக்கும் பழைய விண்டோஸ்-1252 முறை என்று நினைத்துப் படித்தால்? தொப்பி போட்ட ஏ, யூரோ குறி, டிஎம் என்ற டிரேட்மார்க் குறி! நேற்று அனுப்பிய வேலை விண்ணப்பம் முழுக்க யூரோ. சம்பளம் பேசும் முன்பே! அப்புறம் அந்த வளைந்ததை, நிமிர்ந்ததை மட்டுமே மேற்கோள் குறியாக ஏற்கும் நிரலில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது கதை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு அரை மணி நேரம் தேடினால், குறி கொஞ்சம் வளைந்திருக்கிறதாம். வளைந்திருக்கிறதாம்!