வேலிக்கு மேல் வந்து விழுந்த புத்தகங்கள்

நார்வே நாவல் எதையாவது படித்துவிட்டு நம்மவர்கள் எழுதும் குறிப்புகளில் பனி, தனிமை, மௌனம் என்ற சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. 2023இல் நார்வே எழுத்தாளர் யூன் ஃபோஸ்ஸேவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். அந்த நாட்டுப் புத்தகங்களை அந்த நாட்டுக்காரர்களே எப்படிப் படிக்கிறார்கள் என்று அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒரு வருத்தம். நாம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம். அவர்களோ தங்கள் வீட்டு விவகாரம் சந்திக்கு வந்துவிட்டதைப் போலப் படிக்கிறார்கள்.

நட் ஹாம்சனிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் நம்மில் பலருக்கு நார்வே என்ற நாடே க.நா.சு. மொழிபெயர்த்த அவருடைய 'நிலவளம்' நாவல் வழியாகத்தான் அறிமுகம். ஐசக் சுமையோடு காட்டுக்குள் நடந்து வருகிறான், இடம் பார்க்கிறான், குடிசை கட்டுகிறான். பிளந்த உதட்டோடு பிறந்த இங்கர் அவனிடம் வந்து சேர்கிறாள். தன்னைப் போலவே பிளந்த உதட்டோடு பிறந்த பெண் குழந்தையை அவளே கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறாள். அந்தப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1917இல் வந்த நாவல். 1920இல் நோபல் பரிசு. ஹாம்சனும் வெறுமனே மண்ணைப் பற்றி எழுதியவர் இல்லை, கிரிம்ஸ்டாட் பக்கத்தில் நோர்ஹோல்ம் என்ற பண்ணையை வாங்கி அங்கேயே வாழ்ந்தவர்.

அப்புறம் போர் வந்தது. 1940இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று தன் மக்களுக்கு எழுதினார் ஹாம்சன். 1943இல் தன் நோபல் பதக்கத்தை ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபெல்ஸுக்கு அனுப்பிவைத்தார். 1945 மே 7 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய நாள், ஆஃப்தன்போஸ்டன் நாளிதழில் ஹிட்லருக்குப் புகழஞ்சலி எழுதினார். அப்போது அவருக்கு வயது 85.

வாசகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அலமாரியிலிருந்து அவர் புத்தகங்களை எடுத்து அவருக்கே திருப்பி அனுப்பினார்கள். சிலர் நேரில் போய் அந்தப் பண்ணையின் வேலிக்கு மேல் எறிந்துவிட்டு வந்தார்கள் என்றும் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், பிடிக்காத எழுத்தாளர் என்றால் அலமாரியில் தூசி படிய விட்டுவிடலாமே. தூக்கிக்கொண்டு போய் எறிய வேண்டுமென்றால் அந்தப் புத்தகம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்! அந்தக் கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை. 2009இல், அவர் பிறந்து 150 ஆண்டுகள் ஆனபோது, வடக்கே ஹாமறாயில் அவர் பெயரில் ஒரு மையம் திறந்தார்கள். இவரைக் கொண்டாடலாமா என்ற பழைய சண்டை அப்போதும் கிளம்பியது.

எல்லாமே இப்படிக் கனமானதும் இல்லை. 1923இல் பெர்கன் ரயில் கொள்ளையைப் பற்றிய ஒரு துப்பறியும் நாவலுக்கு, செய்தித் தலைப்பு மாதிரியே பத்திரிகையின் முதல் பக்கத்தில் விளம்பரம் போட்டார்கள். உண்மையாகவே ரயிலைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று பலர் பதறிப்போனார்கள். ஈஸ்டர் விடுமுறையில் மலைக் குடிலுக்குப் போய்த் துப்பறியும் கதை படிக்கிற இன்றைய வழக்கத்துக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அந்த விடுமுறை நாட்களில் பால் அட்டைப்பெட்டியில்கூட ஒரு குட்டிக் குற்றக்கதை அச்சாகி வருமாம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது விக்டிஸ் யோர்த்தின் நாவல். 2016இல் வந்தது. நான்கு பிள்ளைகள், கடலோரத்தில் இரண்டு கோடைக் குடில்கள், அவை யாருக்கு என்ற பாகப்பிரிவினைத் தகராறு. அந்தத் தகராறுக்கு அடியில், சிறுவயதில் தந்தை தன்னிடம் தவறாக நடந்தார் என்று ஒரு மகள் பல வருடங்களாகச் சொல்லியும் குடும்பம் காதில் வாங்காத கதை. இது எழுத்தாளரின் சொந்தக் கதையா என்று பத்திரிகைகள் தோண்ட ஆரம்பித்தன. 2017இல் யோர்த்தின் தங்கையே பதிலுக்கு ஒரு நாவல் எழுதி வெளியிட்டார். வாசகரின் எதிர்வினை இன்னொரு நாவலாகவே வந்துவிட்டது! அதற்கு முன்பு, 2009இல் கார்ல் ஊவே க்னாஸ்கார்ட் தன் குடும்பத்தை வைத்தே எழுதிய ஆறு பாக நாவல் வரத் தொடங்கியபோது, அவர் தந்தை வழி உறவினர்கள் 14 பேர் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாடு. அங்கே கதாபாத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் ஆளை யாராவது ஒருவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

யோர்த் நாவலைப் பற்றி நம் பக்கத்தில் வந்த ஒரு குறிப்பு, 'நார்டிக் மௌனத்தின் அழகு' என்று பாராட்டியிருந்தது. படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த மௌனத்தில் என்ன அழகு? ஒரு பெண் பேசியதைக் கேட்க மறுத்த மௌனம் அது. பாகப்பிரிவினையும், 'வெளியே சொல்லாதே' என்று வாயைப் பொத்துவதும் நமக்குத் தெரியாத சங்கதியா? பனியை ஒதுக்கிவிட்டு அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நாமும் உட்கார்ந்து படித்திருக்கலாம்.

என்னிடம் இருக்கும் 'நிலவளம்' பிரதியை நான் எந்த வேலிக்கு மேலும் எறியப் போவதில்லை. எனக்கு அது இன்னமும் பெரிய நாவல். ஆனால் யாராவது இரவல் கேட்டால் 1945 மே 7 பற்றியும் சொல்லித்தான் கொடுப்பேன். போன வாரம் என் அக்கா மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு எதுவும் சொல்லாமல் திருப்பித் தந்தாள். இரண்டு நாள் கழித்து, "இங்கர் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படிக்கணும்" என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.