ஆக்சிஜன் இல்லாமலும் இரும்பு படியும்
இரும்புத் தாதுவும் வெள்ளைக் கல்லும் கோடு கோடாக மாறி மாறிப் படிந்த பட்டை இரும்புப் பாறைகள் பற்றிய இந்தக் கட்டுரை, கடலில் ஆக்சிஜன் பெருகிய பிறகே இரும்பு துருவாகிப் படிந்தது என்று முடிவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கிரீன்லாந்தின் இசுவா பகுதியிலுள்ள பட்டை இரும்புப் பாறைகளோ ஏறக்குறைய 370 கோடி ஆண்டுப் பழசு. ஆக்சிஜனை வெளியிடாமலே, வெயிலைக் கொண்டு கரைந்த இரும்பை நேரடியாகத் துருவாக்கும் பாக்டீரியாக்கள் இன்றும் இருக்கின்றன. அன்றைய கடலில் அவையே அந்த வேலையைச் செய்திருக்கலாம். மேலே கருத்து எழுதிய ஒருவர் இத்தகைய பாறையெல்லாம் ஆஸ்திரேலியாவில்தான் என்கிறார். எங்கள் சேலம் கஞ்சமலைக்கு வாருங்கள். அடிவாரத்தில் கிடந்த கல் ஒன்றை உடைத்தேன்: கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு, மறுபடி கறுப்பு. பொடித்துக் காந்தத்தைக் காட்டியதும் கறுப்புத் துகள்கள் மட்டும் சிலிர்த்து எழுந்து ஒட்டிக்கொண்டன. வெள்ளை மணல் அப்படியே கிடந்தது. கறுப்பு, மேக்னடைட் என்ற இரும்புத் தாது; வெள்ளை, குவார்ட்ஸ் என்ற படிகக்கல். கடலடியில் படிந்து, பிறகு பூமிக்குள் வெந்து உருமாறிய பாறை அது.