லாரி நம்பரை எத்தனை தடவை அடிப்பது?
மென்பொருள் போட்டாலே பழைய கம்பெனி வேகம் பிடித்துவிடும் என்கிறது கட்டுரை. பாதிதான் சரி சார். நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சரக்கு போகும் கடலூர் சிப்காட் பக்கத்து ஊர் மாதிரிதான், ஆனால் மாநிலம் வேறு; சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக அரசு போர்ட்டலில் எடுக்கும் மின்னணு சீட்டு) கட்டாயம். புது சாஃப்ட்வேர் வந்த பிறகும் லாரி நம்பரை கேட் நோட்டில் ஒரு தடவை, இன்வாய்ஸில் ஒரு தடவை, போர்ட்டலில் ஒரு தடவை என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஒருநாள் 5க்குப் பதில் 6 விழுந்து, எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டியதும் சோதனையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் போனில் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கு. இப்போது கேட்டில் ஒரு தடவை அடித்தால் போதும், மற்ற இரண்டும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நோட்டை மட்டும் செக்யூரிட்டி அண்ணன் விடமாட்டேன் என்கிறார்.