அமெரிக்க காப்புரிமை அலுவலகம் வரிப்பணத்தில் ஓடவில்லை

“அரசு வரிப்பணத்தை இன்னும் கொட்டினால் அமெரிக்காவில் காப்புரிமைத் தேக்கம் தானாகத் தீர்ந்துவிடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேக்கம் என்றால், ஆய்வுக்காகக் காத்துக் கிடக்கும் விண்ணப்பங்கள். அடிப்படையே தப்பு. 1990-களின் தொடக்கத்திலிருந்தே அமெரிக்க காப்புரிமை அலுவலகம் விண்ணப்பதாரர்கள் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகிறது.

பிரச்சினை வேறு இடத்தில். கட்டணத்தை அலுவலகம் வசூலித்தாலும், எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்வது நாடாளுமன்றம். பல ஆண்டுகள் வசூலில் ஒரு பகுதியை வேறு செலவுகளுக்குத் திருப்பிவிட்டார்கள். 2011-இல் வந்த காப்புரிமைச் சீர்திருத்தச் சட்டம் உபரிக்குத் தனி இருப்பு நிதி அமைத்தது. அப்படியும் 2013-இல் அரசு முழுக்கச் செய்த செலவுக் குறைப்பில் சுமார் 14.8 கோடி டாலர் கட்டணப் பணம் முடங்கியது. வரிப்பணமே இல்லாத இடத்தில் சிக்கனம், கேட்கவே வேடிக்கை!

இன்னொன்று. விண்ணப்பத்தின்போது கட்டும் தொகை அந்த விண்ணப்பத்தை ஆய்வு செய்யும் செலவுக்கே போதாது. காப்புரிமை கிடைத்த பிறகு மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்டும் புதுப்பிப்புக் கட்டணம்தான் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. பொருளாதாரம் சரிந்தால் நிறுவனங்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். 2009-இல் வருமானம் விழுந்து, ஆய்வாளர் நியமனமே நின்றது; அப்போது கிடப்பில் இருந்த விண்ணப்பங்கள் 7 லட்சத்துக்கும் மேல்.

பணம் வந்த மறுநாளே வேகம் கூடிவிடவும் செய்யாது. புது ஆய்வாளர் எழுதும் முடிவில் மூத்தவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நிறையப் பேரை ஒரேயடியாகச் சேர்த்தால், கொஞ்ச காலத்துக்கு அனுபவசாலிகளின் நேரமும் போகும். ஆகவே தொகை எவ்வளவு என்பதைவிட, அது ஆண்டுதோறும் தடையில்லாமல் வருமா என்றுதான் கேட்க வேண்டும்.