எடுத்துக்கொள்ளும் சிலுவையும் சுமத்தப்படும் சிலுவையும்

சில ஆண்டுகளுக்கு முன், கணவனிடம் தொடர்ந்து அடிபட்டு வந்த ஒரு சகோதரியின் வீட்டிற்கு ஜெபிப்பதற்காகச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். அவருடைய இடக்கையில் கட்டுப் போட்டிருந்தது. எங்களில் மூத்தவர் வேதத்தைத் திறந்து லூக்கா 9:23ஐ வாசித்தார்: “ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்.” வாசித்துவிட்டு, “இது கர்த்தர் உனக்குக் கொடுத்த சிலுவை அம்மா, முறுமுறுக்காமல் சுமந்துகொள்” என்றார். நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். புறப்படும்போது அந்தச் சகோதரி வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில் என்னிடம், “அண்ணா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் நான் சிலுவையைக் கீழே போட்டவளாகிவிடுவேனா?” என்று கேட்டார். “ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று அவருக்குக் கொடுக்காத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பிறந்தது முதல் சிலுவை அடையாளத்தின் கீழ் வளர்ந்த நான், அதன் பொருளைப் பற்றி உண்மையாக யோசிக்கத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

முதலில், சிலுவை அன்று என்னவாக இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அது ஒரு சமயச் சின்னமாகப் பிறக்கவில்லை. ரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனைக் கருவி அது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி கி.மு. 71இல் நசுக்கப்பட்டபோது, பிடிபட்ட ஏறத்தாழ 6,000 பேர் காப்புவா நகரிலிருந்து ரோம்வரை செல்லும் அப்பியா நெடுஞ்சாலையின் ஓரமாகச் சிலுவைகளில் அறையப்பட்டார்கள். போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டும், பார்த்து அடங்க வேண்டும் என்பதே நோக்கம். சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் உடலிலிருந்து மட்டுமல்ல, அவனுடைய எண்ணத்திலிருந்தும் கண்களிலிருந்தும் செவிகளிலிருந்தும் விலகியிருக்க வேண்டும் என்று ரோம வழக்கறிஞரும் பேச்சாளருமான சிசரோ கி.மு. 63இல் ஒரு வழக்கில் வாதிட்டார். 1968இல் எருசலேமின் வடகிழக்குப் பகுதியில் ஒரு கல்லறையைத் திறந்தபோது, யெகோகானான் என்று பெயர் பொறித்த எலும்புப் பேழைக்குள், இரும்பாணி ஊடுருவிய நிலையிலேயே ஒரு குதிகால் எலும்பு கிடைத்தது. ஆணியின் முனை வளைந்துபோயிருந்தது. அதைப் பிடுங்க முடியாமல், ஆணியோடு சேர்த்தே அவனுடைய வீட்டார் அவனை அடக்கம் செய்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. நம்முடைய பொன் நிறச் சிலுவைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குதிகால்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே, அறையப்பட்ட ஒருவரை ஆண்டவர் என்று அறிக்கையிட்டது அன்றைய காதுகளுக்கு எவ்வளவு அருவருப்பாக ஒலித்திருக்கும்! ரோமின் பாலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சுவர்க் கிறுக்கல், கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் ஓர் உருவத்தையும், அதன்முன் கை உயர்த்தி நிற்கும் ஒருவனையும் காட்டி, “அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்” என்று ஏளனம் செய்கிறது. யூத விசுவாசிகளுக்கோ இது இன்னும் கடினம்; மரத்தில் தூக்கிவைக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21:23 சொல்கிறது. பவுல் இந்த வசனத்தைத் தவிர்த்துச் செல்லவில்லை. கலாத்தியர் 3:13இல் அதையே எடுத்துக்காட்டி, கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று எழுதுகிறார். “சிலுவையைப்பற்றிய உபதேசம் கெட்டுப்போகிறவர்களுக்குப் பைத்தியமாயிருக்கிறது” என்று அவர் கொரிந்தியருக்கு எழுதியதும் அலங்காரப் பேச்சு அல்ல. தெருவில் தினமும் கேட்டதை எழுதியிருக்கிறார்.

இங்கேதான் என் நம்பிக்கையின் மையம் இருக்கிறது. அந்த மரத்தில் தொங்கியவர் யார் என்ற கேள்விக்கு, தேவனே மனிதராக வந்தவர் என்று நாம் பதில் சொல்கிறோம். அப்படியானால், கடவுள் தண்டிப்பவரின் பக்கத்தில் அல்ல, தண்டிக்கப்பட்டவரின் இடத்தில் இருக்கிறார். கோபங்கொண்ட பிதா, குற்றமற்ற மகனை அடித்துத் தம் கோபத்தைத் தணித்துக்கொண்டார் என்று சிலர் பிரசங்கிக்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது, ஏனென்றால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்தையே அது இரண்டாகப் பிளக்கிறது. 2 கொரிந்தியர் 5:19, தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று சொல்கிறது. சமாதானமாக வேண்டியவர் தேவன் என்று அது சொல்லவில்லை, பகைத்து நின்றது நாம், தேடி வந்தது அவர். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு ஒப்புரவு என்ற சொல்லைத் தேர்ந்தது எனக்கு எப்போதும் வியப்பூட்டும். திருக்குறளின் 22ஆம் அதிகாரமாகிய ஒப்புரவறிதல், கைம்மாறு எதிர்பாராத மழையில்தான் தொடங்குகிறது.

கிறிஸ்துவின் மரணம் எப்படி நம்மை இரட்சிக்கிறது என்பதற்கு ஒரே விளக்கம் என்று சபைத் தலைவர்கள் கூடி உபதேசத்தைத் தீர்மானித்த எந்தப் பொதுச் சங்கமும் வரையறுக்கவில்லை. தொடக்ககாலப் பிதாக்கள் பலர் அதை மரணத்தின்மேலும் பிசாசின்மேலும் பெற்ற வெற்றியாகக் கண்டார்கள். கான்டர்பரியின் பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த நூலில், பாவத்தால் தேவனுக்குரிய கனம் பறிக்கப்பட்டது, அதை மனிதரும் தேவனுமானவர் மட்டுமே ஈடுசெய்ய முடியும் என்று வாதிட்டார். பதினாறாம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள் நீதிமன்ற மொழியில், நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார்கள். இந்த விளக்கங்களில் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உண்மையைப் பற்றியிருக்கிறது. நான் எதையும் தள்ளவில்லை. ஆனால் எந்த விளக்கத்தைக் கையில் எடுத்தாலும், சிலுவையை நட்டவர்கள் செய்தது நீதி என்று அது நம்மைச் சொல்லவைத்தால், அங்கே வழிதவறிவிட்டோம். அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் பேதுரு, இது தேவன் முன்னறிந்த ஆலோசனையின்படி நடந்தது என்று சொல்லும் அதே மூச்சில், நீங்கள் கொலைசெய்தீர்கள், தேவன் எழுப்பினார் என்கிறார். உயிர்த்தெழுதல் என்பது, இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம ஆளுநர் பிலாத்துவின் தீர்ப்பைத் தேவன் தள்ளிவிட்டதன் அறிவிப்பு. விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர்கள் வருகின்றன: மரியாள், பொந்தியு பிலாத்து. பெற்றெடுத்தவளின் பெயரோடு, அறையக் கொடுத்தவனின் பெயரையும் சபை தலைமுறை தலைமுறையாக அறிக்கையிட்டு வருகிறது.

இந்த வேறுபாட்டை மறந்தபோதெல்லாம் சபை பிலாத்துவின் பக்கம் போய் நின்றிருக்கிறது. 1096இல் முதல் சிலுவைப்போருக்காகச் சிலுவையை உடையில் தைத்துக்கொண்டு புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதக் குடும்பங்களைக் கொன்று குவித்தன. கிறிஸ்துவின் பாடுகளின்போது நடந்தவற்றுக்காக அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ குற்றஞ்சாட்ட முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவிக்கும்வரை எத்தனை நூற்றாண்டுகள் கடந்தன!

இனி லூக்கா 9:23க்கு வருகிறேன். அந்த வசனத்தின் வினைச்சொல்லைக் கவனியுங்கள்: எடுத்துக்கொண்டு. “தன் சிலுவையை” அவன் எடுத்துக்கொள்கிறான். ஒருவர் தூக்கி இன்னொருவர் தோளில் வைப்பதைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. தம் ஜீவனைக் குறித்து, “ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்” என்று யோவான் 10:18இல் இயேசு சொல்கிறார். சுவிசேஷத்தில் பிறர் தோளில் சிலுவையைப் பலவந்தமாக ஏற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்து, சிலுவையைச் சுமக்கும்படி பலவந்தம்பண்ணினார்கள் என்று மாற்கு 15:21 சொல்கிறது. அதைச் செய்தவர்கள் ரோமப் போர்ச்சேவகர்கள்.

இயேசுவுக்குத் துன்பத்தின்மேல் விருப்பம் இருந்ததாகவும் நான் வாசிக்கவில்லை. நாசரேத்தில் ஊரார் தம்மை மலைச்சிகரத்திலிருந்து தலைகீழாய்த் தள்ள வந்தபோது அவர் அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள் என்று சீஷர்களுக்குச் சொன்னார். கெத்செமனேயில், அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி மன்றாடினார். எல்லாவற்றிற்கும் மேலாக, பிரதான ஆசாரியன் முன்பாகச் சேவகன் ஒருவன் அவரை ஓர் அறை அறைந்தபோது, அவர் மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டியதாக யோவான் எழுதவில்லை. “நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார் என்றே எழுதுகிறார். யோவான் 18:23. பலமுறை வாசித்திருந்தும், அந்த வாசலில் நின்றபோது எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வரவில்லை.

1 பேதுருவை நான் மறந்துவிடவில்லை. கொடிய எஜமான்களுக்கும் கீழ்ப்படிந்திருக்கும்படி வேலைக்காரரிடமும், அதைத் தொடர்ந்து மனைவிகளிடம் கீழ்ப்படிதலைக் குறித்தும், கிறிஸ்துவின் பாடுகளை மாதிரியாகக் காட்டி அந்த நிருபம் பேசுகிறது. இந்தப் பகுதியை எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஆனால் அது யாரிடம் பேசுகிறது என்று பார்க்கிறேன்: ரோமச் சட்டத்தில் தாமாக வெளியேற வழியே இல்லாத அடிமைகளிடம். அவர்கள் படும் பாட்டை அது நியாயம் என்று சொல்லவில்லை; “அநியாயமாய்ப் பாடுபட்டு” என்று பெயரிட்டே அழைக்கிறது. அடிக்கிறவனுக்கு அதில் ஓர் எழுத்துக்கூட அனுமதி இல்லை. கதவு அடைபட்டிருந்தவர்களுக்குச் சொன்ன ஆறுதலை எடுத்து, கதவு திறந்திருக்கும் ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு நாம் பயன்படுத்துகிறோம். வழி இருந்தபோது பவுல் என்ன செய்தார்? தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, விசாரணையில்லாமல் ரோமனை அடிப்பது உங்களுக்கு நியாயமா என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டார்.

அப்படியானால் எது சிலுவை? உண்மையைச் சொன்னதற்காக வேலையை இழக்க நேரும் என்று தெரிந்தும் சொல்வது. பகைத்தவரை மன்னிக்க முடியாமல் முடியாமல் கடைசியில் மன்னிப்பது. அடிபடுகிறவரின் பக்கம் போய் நின்று, அதனால் வரும் அவப்பெயரைத் தானும் ஏற்பது. அந்த வீட்டில் சிலுவை ஒன்று இருந்தது என்றால், அது எங்களுக்காகக் காத்திருந்தது. அவரைப் பிள்ளைகளோடு பாதுகாப்பாக அழைத்துப்போய், ஊர் பேசும் பேச்சையும் சபைக்குள் வரும் சண்டையையும் சுமந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் அதை எடுத்துக்கொள்ளாமல், வசனம் வாசித்து, கட்டுப் போட்டிருந்த கையில் வைத்துவிட்டு வந்தோம்.

அவர் பிறகு தாமாகவே தம் தாயின் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் எந்த உதவியும் செய்யவில்லை. வெகுநாள் கழித்து அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். “அன்று ஆமென் சொன்னீர்களே, அது மட்டும்தான் அண்ணா மறக்க முடியவில்லை” என்றார்.

பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிக்க ஆயத்தமாகிற போதகர்களிடமும் மூப்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்ற முதல் வார்த்தைக்குப் போகுமுன், முந்தின இரவில் அவர் கேட்ட அந்தக் கேள்வியையும் சபையின் நடுவே உரக்க வாசியுங்கள்: “என்னை ஏன் அடிக்கிறாய்?” அதைக் கேட்க வேண்டிய யாரோ ஒருவர், கைக்கட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு, பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும்.