காதை நம்பிய டார்பிடோ

நண்பர் ஒருவர் காணொளி ஒன்றை அனுப்பியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செய்த, சத்தத்தைத் தேடிப் போகும் டார்பிடோவைப் பற்றியது. டார்பிடோ என்றால் நீருக்கடியில் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டு. "அந்தக் காலத்திலேயே என்ன மூளை!" என்று வியந்திருந்தார். மூளை இருந்தது, மறுக்கவில்லை. எனக்கு வியப்பு வேறு இடத்தில்.

அதன் பெயர் சௌன்கோனிக். கைக்குள் அடங்கிவிடும் ஒரு குட்டிப் பறவையின் பெயர். 1943 செப்டம்பரில் களமிறங்கியது. மூக்கில் நீருக்கடியில் கேட்கும் இரண்டு ஒலிவாங்கிகள். இருட்டில் எங்கோ அடிக்கும் கைப்பேசியைத் தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடுகிறோமே, அதே கதைதான். இடது காதில் சத்தம் கூடினால் சுக்கான் இடப்பக்கம் திரும்பும்; வலது காதில் கூடினால் வலப்பக்கம். கப்பலின் புரொப்பல்லர் நீரைக் கடையும் இரைச்சல்தான் அதற்கு இரை.

ஆனால் அதைச் சுட்ட நீர்மூழ்கிக் கப்பலுக்கும் புரொப்பல்லர் உண்டே! அதனால் சுட்ட கையோடு ஆழத்துக்குப் போய் அரவமில்லாமல் கிடக்க வேண்டும் என்பது உத்தரவு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். இவர்களுக்குக் காணவும் வழியில்லை, விசாரிக்கவும் வழியில்லை. மேலே ஒரு வெடிச்சத்தம் கேட்டால் ஒரு கப்பல் ஒழிந்தது என்று கணக்கெழுதினார்கள். பல டார்பிடோக்கள் கப்பலுக்குப் பின்னால் நுரைத்தடத்திலோ, ஓடி ஓய்ந்த இடத்திலோ வெடித்தவை. முதல் வேட்டையில் 12 காவல் கப்பல்கள் மூழ்கியதாக ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸின் தலைமையகம் மகிழ்ந்தது. மூழ்கியவை 3.

மூன்றுதானே என்று கடந்துவிடவும் முடியவில்லை. அவற்றில் ஒன்றான கனடாவின் செயின்ட் குரோய் மூழ்கியபோது பிழைத்தவர்களை பிரிட்டனின் இட்சென் என்ற கப்பல் ஏற்றிக்கொண்டது. அடுத்த சில நாளில் இட்செனும் மூழ்கியது. செயின்ட் குரோய் மாலுமிகளில் மிஞ்சியவர் ஒரே ஒருவர்.

இத்தனை நுட்பத்துக்கும் நேச நாடுகள் கண்ட மாற்று என்ன தெரியுமா? இரும்புக் குழாய்! ஃபாக்ஸர் என்று பெயர். கப்பலுக்கு வெகு பின்னால் கயிற்றில் இழுத்துப் போவார்கள். குழாய்கள் ஒன்றோடொன்று மோதி புரொப்பல்லரைவிடப் பெரிதாக இரையும். டார்பிடோ அங்கே ஓடும். என் வியப்பெல்லாம் இந்தக் குழாய்மேல்தான். அதற்கும் விலை உண்டு: அந்த இரைச்சலில் கப்பலின் சொந்த ஒலியுணர் கருவிக்கும் காது அடைத்துப்போகும்.

இன்னொன்று. அமெரிக்காவிடமும் அதே ஆண்டு மே மாதத்திலேயே இப்படியொன்று இருந்தது, விமானத்திலிருந்து போடுவது. ரகசியம் காக்கப் பெயரை மட்டும் 'மார்க் 24 கண்ணிவெடி' என்று வைத்துக்கொண்டார்கள். நீர்மூழ்கி முங்கிய பிறகே போட வேண்டும், எதிரி கண்ணில் படக்கூடாது என்று கண்டிப்பு வேறு.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.